2006 தொடக்கம் 2010 வரை என்ன செய்தனீங்கள்?

ஜேர்மனியில் எங்கட ஆக்களின் கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எதற்குப் போனாலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "தம்பி எங்க வேலை?" இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். "பி.எம்.டபிள்யூ" என்பார்கள். "சீமென்ஸ்" என்பார்கள். "பொஷ்" என்பார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடும். அங்கே என்ன வேலை, இரவு வேலையா பகல் வேலையா, நிரந்தரமா ஆள்பிடிக்கிற ஏஜென்சி மூலமா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

என்னைப் போல ரெஸ்ரோரண்ட் ஆக்களுக்கு அப்படி இல்லை. எந்த ரெஸ்ரோரண்ட், இத்தாலிக்காரன்ரயோ, சமையலோ கோப்பை கழுவுறதோ, சம்பளம் பதிவிலயோ கையிலயோ என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் "ம்... அதுவும் நல்லதுதான், சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை" என்று ஒரு ஆறுதலும் வரும்.

இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. பெரிய கம்பனி என்றால் சனம் ஏன் பாயுது என்பதற்குச் சரியான காரணம் இருக்கிறது. மேற்கு ஜேர்மனியின் உலோக, மின்சாரத் தொழிற்சாலைகளில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி 1995 ஒக்ரோபரில் இருந்து கிழமைக்கு 35 மணித்தியாலம்தான் வேலை. வருசத்துக்கு 30 நாள் லீவு. லீவுக் காசு தனி, நத்தார்க் காசு தனி. வீடு வாங்க வங்கிக்குப் போனால் சம்பளத் துண்டில் இருக்கிற கம்பனியின் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும்.

ரெஸ்ரோரண்டில் காலமை பத்துக்குப் போனால் இரண்டரைக்கு வெளியில் வந்து, திரும்ப ஐந்துக்குப் போய், இரவு பதினொன்றுக்கு அடுப்பைத் துடைத்துவிட்டு வரவேண்டும். சனி, ஞாயிறு, நத்தார், புதுவருசம் எல்லாம் மற்றவர்களுக்குத்தான். 2015 ஜனவரியில் சட்டம் வந்து மணித்தியாலத்துக்குக் குறைந்தது 8.50 யூரோ என்று வைக்கும்வரை எங்களைப் போன்றவர்களின் சம்பளம் முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. 2026 ஜனவரியில் இருந்து அது 13.90 யூரோ. அந்தச் சட்டத்தைக் கும்பிடவேணும்.

ஆகவே நானும் பெரிய கம்பனிக்கு விண்ணப்பம் போட்டவன்தான். ஒன்றல்ல, பல. அதில் நான் கண்டதைத்தான் எழுதப் போறன்.

ஜேர்மன்காரனுக்கு வேலை விண்ணப்பம் என்றால் முதலில் வேண்டியது லேபன்ஸ்லவுப். வாழ்க்கையின் ஓட்டம் என்று அர்த்தம். எங்கே படித்தாய், எங்கே வேலை செய்தாய் என்று மாதமும் வருசமும் போட்டு ஒழுங்காக எழுதவேணும். அதற்கு ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது, லூக்கன்லோஸ். அதாவது இடையில் ஓட்டை இருக்கக்கூடாது. இரண்டு மூன்று மாதம் விட்டுப்போனாலே 'இந்த நேரம் ஆள் எங்கே இருந்தது?' என்று யோசிப்பார்கள். சிறையில் இருந்தானோ, வருத்தமோ, சோம்பேறியோ என்று சந்தேகம்.

என்னுடையதில் மூன்று வருசமும் ஏழு மாதமும் ஓட்டை.

2006 ஓகஸ்ற் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை மூடப்பட்ட நேரம் நான் யாழ்ப்பாணக் கம்பஸில் விஞ்ஞானபீடத்தில் மூன்றாம் வருசம். பௌதிகவியல். சமாதான காலத்தில் கம்பஸுக்குள் போன பிள்ளைகள் நாங்கள்; எப்படியும் முடித்துவிடுவோம் என்ற நினைப்பு இருந்தது. பாதை மூடி, ஊரடங்கு போட்டு, சாமான் விலை ஏறி, பெடியளைக் காணாமற்போகத் தொடங்க, அம்மா "படிப்பு வேண்டாம், ஆள் இருந்தால் காணும்" என்று சொல்லிவிட்டா. பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொழும்பு.

கொழும்பில் லொட்ஜ். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் வந்து லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினது நினைவிருக்கும். அந்த பஸ் ஒன்றில் நானும் இருந்தேன். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. திரும்பி வந்தோம். பிறகு ஏஜென்சி, காசு, காணி ஈடு, மூன்று நாடு. 2008 நவம்பரில் ஜேர்மனி.

இங்கே வந்ததும் வேலை செய்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். அந்த நேரத்துச் சட்டப்படி அகதி விண்ணப்பம் போட்டவர் முதல் ஒரு வருசம் வேலையே செய்யக்கூடாது. ஒரு வருசம் கழிந்தாலும், அந்த வேலைக்கு ஒரு ஜேர்மன்காரரோ ஐரோப்பிய ஒன்றியத்து ஆளோ கிடைக்கமாட்டாரா என்று வேலை அலுவலகம் பார்த்து, இல்லை என்றால்தான் எங்களுக்கு. காத்திருக்கும் காலத்தை மூன்று மாதமாகக் குறைத்தது 2014 நவம்பரில்தான். எனக்குக் கோப்பை கழுவ அனுமதி வந்தது 2010 மார்ச்சில்.

இந்த மூன்று வருசம் ஏழு மாதத்தை ஒரு வெள்ளைத் தாளில் ஒரு வரியில் எழுதவேணும். எப்படி எழுதுகிறது?

வேலை தேடுபவர்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றுக்கு ஒருமுறை போனேன். படிப்பித்தவர் நல்ல மனுசன். என் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் 'தொழில்ரீதியாகத் திசை தேடிய காலம்' என்று போடுவோம், அழகாக இருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. லொட்ஜ் கதவைப் பொலிஸ் தட்டும்போது நான் தொழில்ரீதியாகத் திசை தேடிக்கொண்டிருந்தேனாம். பக்கத்தில் இருந்த சிரியாக்காரப் பெடியனுக்கும் அதே வசனம்தான் சொன்னார். அவனும் அலெப்போவில் திசை தேடியிருக்கிறான் போல.

நான் அதைப் போடவில்லை. "போர், இடப்பெயர்வு, புகலிடக் கோரிக்கை (வேலை அனுமதி இல்லை)" என்று போட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "உங்களுடைய வாழ்க்கை" என்றார். அதுவும் சரிதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஏ9 மூடி ஒரு கிழமையில், 2006 ஓகஸ்ற் 18 ஆம் திகதி, ஜேர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனம், பால், மதம், வயது, உடற்குறை, பாலியல் அடையாளம் எதையும் காரணமாக வைத்து வேலைக்கு ஆளை ஒதுக்கக்கூடாது என்ற சமத்துவச் சட்டம். அங்கே எனக்கு வாழ்க்கையின் கதவு ஒன்று பூட்டுப்பட்ட கிழமையில் இங்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர இரண்டு வருசத்துக்கு மேல் எடுத்தது.

கதவு உண்மையில் திறந்ததா என்பது வேறு கதை. கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1,000க்கு மேற்பட்ட பொய் விண்ணப்பங்களைக் கம்பனிகளுக்கு அனுப்பிப் பார்த்து 2010 இல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கான பயிற்சி வேலை. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. பாதிக்கு ஜேர்மன் பெயர், பாதிக்குத் துருக்கிப் பெயர். ஜேர்மன் பெயருக்கு 14 வீதம் கூடுதலாகப் பதில் வந்தது. இது நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்குள் எங்களுக்கு உதவக்கூடிய இரண்டு விசயம் இருக்கிறது. சின்னக் கம்பனிகளில் அந்த வித்தியாசம் 24 வீதம். அதாவது பெயரைப் பார்த்து ஒதுக்குவது சின்ன இடங்களில்தான் கூட. இரண்டாவது, பழைய முதலாளி நல்லபடி எழுதிக்கொடுத்த கடிதம் சேர்த்து அனுப்பிய விண்ணப்பங்களில் அந்த வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது!

இதை வாசித்தபிறகு எனக்கு ஒன்று விளங்கியது. பெரிய கம்பனிக்காரன் என்னுடைய நீட்டுப் பெயரைப் பார்த்துப் பயப்படுவதை விட, பேப்பர் இல்லாத ஆளைப் பார்த்துத்தான் பயப்படுகிறான். நாங்களோ பேப்பர் இல்லாமலே பதினைஞ்சு வருசம் வேலை செய்யக்கூடிய ஆக்கள்.

ஜேர்மனியில் அந்தக் கடிதத்துக்குப் பெயர் சொய்க்னிஸ். வேலையை விட்டுப் போகும்போது முதலாளி எழுத்தில் தரவேணும், அது தொழிலாளியின் சட்டப்படியான உரிமை. எங்கட ஆக்களில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்? "இவ்வளவு நாள் சோறு போட்டவரிட்ட என்னெண்டு கேக்கிறது" என்ற ஒரு கூச்சம்.

நான் 2013 இல் முதல் ரெஸ்ரோரண்டை விட்டபோது கேட்டேன். முதலாளி (எந்த நாட்டுக்காரர் என்பதை விடுவம்) இரண்டு கிழமை இழுத்தடித்துவிட்டு ஒரு தாள் தந்தார். நல்ல கடதாசி, கீழே கையெழுத்து. "தனக்குத் தரப்பட்ட வேலைகளைச் செய்ய அவர் எப்போதும் முயற்சி எடுத்தார்" என்று எழுதியிருந்தது. வீட்டில் மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், நல்ல மனுசன்தான்" என்றா.

எங்கட கட்டிடத்தில் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அனுப்ப முதல் பிழை திருத்தித் தரச்சொல்லி அவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கள்ளப்பாசை தெரியவந்தது. சொய்க்னிஸில் கெடுதலாக எழுதக்கூடாது என்பதால் புகழ்ச்சிக்குள்ளேயே படி வைத்திருக்கிறார்கள். "எப்போதும் எங்களுடைய முழுமையிலும் முழுமையான திருப்திக்கு" என்றால் ஒன்று, அதுதான் முதல்தரம். நிறைந்த குடத்தை இன்னும் நிறைப்பது மாதிரி, இலக்கணப்படி பிழை, ஆனால் அதுதான் வேணும். "எப்போதும் முழுத் திருப்திக்கு" என்றால் இரண்டு. 'எப்போதும்' இல்லாவிட்டால் மூன்று. வெறும் "திருப்திக்கு" என்றால் நாலு. "முயற்சி எடுத்தார்" என்றால் ஆறு. பள்ளிக்கூடத்தில் ஆறு என்றால் பெயில். அதாவது, முயற்சித்தார், ஆனால் ஒன்றும் சரிவரவில்லை.

சட்டம் இந்த மாதிரி இரகசிய வார்த்தைகள் போடக்கூடாது என்றுதான் சொல்கிறது. தொழில் ஒழுங்குச் சட்டம் 109 ஆம் பிரிவு. ஆனாலும் இந்தப் படி எல்லாருக்கும் தெரியும், எங்களைத் தவிர.

ஆசிரியை ஒரு கடிதம் எழுதித் தந்தார். மரியாதையான கடிதம், 109 என்ற இலக்கம் மட்டும் உள்ளே இருந்தது. ஐந்து நாளில் புதுச் சொய்க்னிஸ் வந்தது. "எப்போதும் முழுத் திருப்திக்கு". முதலாளி பிறகு என்னை வீதியில் கண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பட்டும்.

அடுத்தது படிப்பு. கம்பஸில் மூன்று வருசம் படித்ததற்கு இங்கே பெறுமதி என்ன? வெளிநாட்டுத் தொழிற்தகுதிகளை மதிப்பிடும் சட்டம் 2012 ஏப்ரலில் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது முடித்தவர்களுக்கு. முடிக்காத பட்டத்தை எந்தத் தராசில் வைப்பது? ஜேர்மன் அலுவலகத்துக்கு நான் தொழில் பழகாதவன். குவாண்டம் பொறிமுறையில் சோதினை எழுதியவனும் வெங்காயம் உரிக்கிறவனும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் பலபேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேணும். ஒரு தொழிலில் பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு காலம் வேலை செய்திருந்தால், பயிற்சிக்குப் போகாமலே அதன் இறுதிச் சோதினைக்கு நேரடியாக இருக்கலாம். தொழிற்பயிற்சிச் சட்டம் 45 ஆம் பிரிவு. சமையற்காரருக்குப் பயிற்சி மூன்று வருசம், ஆகவே நாலரை வருசம் சமைத்ததற்கு அத்தாட்சி வேணும். அத்தாட்சி எது? அதே சொய்க்னிஸ்தான்.

2019 இல் அந்தச் சோதினைக்கு இருந்தேன். இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து, ஒரு மணி வரைக்கும் இறைச்சித் துண்டுகளின் ஜேர்மன் பெயரைப் பாடமாக்கினேன். மகள் நாலாம் வகுப்பு. அவள்தான் உச்சரிப்புத் திருத்தினது. எழுத்துச் சோதினை, பிறகு மூன்று வகை உணவு சமைத்து வைக்கிற சோதினை. பாஸ். முப்பத்தெட்டு வயதில் கையில் ஒரு ஜேர்மன் சான்றிதழ். அம்மாவுக்கு ரெலிபோனில் சொன்னேன். "கம்பஸ் முடிச்ச மாதிரிதானேயடா?" என்றா. ஓம் என்றேன்.

சான்றிதழ் வந்தபிறகுதான் திரும்பப் பெரிய கம்பனி ஆசை வந்தது. இந்த முறை தொழிற்சாலைக்கு இல்லை, அதன் கன்ரீனுக்கு. ஜேர்மனியில் பெரிய கம்பனிகளின் கன்ரீன் லேசுப்பட்ட இடமில்லை. வொக்ஸ்வாகன் கம்பனி 1973 இல் இருந்து தன் சொந்தத் தயாரிப்பாகக் கறித்தூள் சொசேஜ் செய்கிறது. கார் உதிரிப்பாகம் மாதிரியே அதற்கும் இலக்கம் இருக்கிறது: 199 398 500 ஏ. 2023 இல் 80 இலட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறார்கள், அந்தப் பெயர் பொறித்த கார்களை விடக் கூட. 2021 இல் ஒரு கன்ரீனில் அதை நிற்பாட்டியபோது நாட்டின் முன்னாள் பிரதமர் ஷ்ரோடரே எதிர்த்துக் கதைத்தார். பிறகு 2023 இல் திரும்ப வந்தது. கறித்தூளுக்கு அங்கே இவ்வளவு மரியாதை இருந்தால் எனக்கும் ஒரு இடம் இருக்கும் என்று நினைத்தேன்.

நான் போட்டது அந்தக் கம்பனிக்கு இல்லை. வேறொரு பெரிய கம்பனி, பெயர் தேவையில்லை. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை வேலை, பின்னேரம் மூன்றரைக்கு வீடு. கொரோனாக் காலத்தில் ரெஸ்ரோரண்டுகள் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வரி எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. 2023 இலையுதிர் காலத்தில் இன்ரவியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஆளணிப் பகுதியில் இருந்து ஒரு பெண், முப்பது வயது இருக்கும். கன்ரீனுக்குப் பொறுப்பான தலைமைச் சமையற்காரர், அறுபதுக்குக் கிட்ட. அந்தப் பெண் விரலைத் தாளில் மேலிருந்து கீழே கொண்டுவந்து, நான் நினைத்த இடத்திலேயே நிறுத்தினா.

"2006 தொடக்கம் 2010 வரை என்ன செய்தீர்கள்? கொஞ்சம் விளக்க முடியுமா?"

நான் சொன்னேன்: "முதல் இரண்டு வருசம் போர் நடந்த நாட்டில் உயிரோடு இருந்தேன். மிச்சம் பதினாறு மாதம் இந்த நாட்டில் இருந்தேன். அதில் முதல் ஒரு வருசம் வேலை செய்யக்கூடாது என்று உங்களுடைய சட்டம் சொன்னது. அதற்குப் பிறகு உங்களுடைய அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தது."

கோபமாகச் சொல்லவில்லை. திகதி சொல்வது மாதிரித்தான் சொன்னேன். அவவின் முகம் சிவந்துவிட்டது. கிழவர் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார். "அந்தப் பதினாறு மாதமும் முகாமில் என்ன சாப்பிட்டீர்கள்?"

பதினைஞ்சு வருசத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஜேர்மன்காரர் அவர். பவேரியாவில் அந்த நேரம் அகதிகளுக்குக் கையில் காசு தராமல் சாப்பாட்டுப் பொதி தருவார்கள். மா, மக்கறோனி, ரின்மீன், வெங்காயம், எண்ணெய், அவர்கள் தெரிவு செய்ததுதான். ஒரு மாடிக்கு ஒரு குசினி. ஆப்கானிஸ்தான்காரன், நைஜீரியாக்காரன், ஈராக்காரன், நாங்கள். நான் வீட்டில் தேத்தண்ணி கூடப் போட்டறியாதவன். அங்கேதான் சமைக்கப் பழகினேன். மக்கறோனியைக் கொடுத்து ஆப்கான்காரனிடம் அரிசி வாங்குவேன். ரின்மீனை நைஜீரியாக்காரனின் மிளகாயோடு வதக்கினால் அம்மாவின் மீன்வறைக்குக் கொஞ்சம் கிட்ட வரும். 2009 மே மாதம் ஊரில் நடந்ததைக் கேட்டு ஒருவரும் படுக்கையை விட்டு எழும்பாத நாட்களில், நான் பானை வைத்து எல்லாருக்கும் சமைத்தேன். வேறு என்ன செய்கிறது என்று தெரியவில்லை. இதை எல்லாம் என் உடைஞ்ச ஜேர்மனில் சொன்னேன். கிழவர் எழுதிக்கொண்டார்.

என்னுடைய ஓட்டை என்று அவர்கள் விரல் வைத்த இடத்தில்தான் என் தொழில் பிறந்திருக்கிறது. அதைத் 'திசை தேடிய காலம்' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியும் வந்திராது, எனக்கும் அது தெரியவந்திராது.

மூன்று கிழமையில் அப்சாகே வந்தது. மறுப்புக் கடிதம். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். காரணம் இல்லை. காரணம் எழுதினால் அந்த 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குப் போடுவார்கள் என்று பயந்து இப்போது பெரிய கம்பனிகள் காரணமே எழுதுவதில்லை. எங்களைக் காக்க வந்த சட்டம் எங்களுக்குக் காரணம் தெரியாமலும் காத்துவிட்டது.

அதற்குப் பிறகு பெரிய கம்பனிகளுக்கே காலம் மாறிவிட்டது. 2024 டிசம்பரில் வொக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க ஒப்பந்தம் செய்தது. 2025 செப்ரெம்பரில் பொஷ் 13,000 வேலைகள் என்று அறிவித்தது. ஒரே சொல்லில் பதில் சொன்ன எங்கட அண்ணைமார் சிலர் இப்போது ஐம்பத்தைந்து வயதில் லேபன்ஸ்லவுப் எழுதுவது எப்படி என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் சந்தோசம் ஒன்றும் இல்லை. முப்பது வருசம் ஒரே இடத்தில் வேலை செய்தவரின் தாளில் ஓட்டை இல்லை, ஆனால் இரண்டாவது வரியும் இல்லை.

நான் இன்னும் ரெஸ்ரோரண்டில்தான். ஆனால் ஒப்பந்தத்தில் 'உதவியாள்' என்ற சொல் போய் 'சமையற்காரர்' என்று வந்திருக்கிறது, சம்பளமும் அதன்படி. திங்கட்கிழமை எங்களுக்குப் பூட்டு. புதிதாக வந்த பெடியள் யாராவது தாளோடு வருவார்கள். போன மாதம் வந்தவன் கேட்டான், "அண்ணை, வழியில ரெண்டு வருசம் போயிட்டுது. பெலாறுஸ், போலந்து எண்டு. அதை என்னெண்டு போடுறது?" நடந்ததைப் போடச் சொன்னேன். ஒரு வரி காணும், அழுகையும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம்.

பெரிய கம்பனி எடுக்குதோ விடுகுதோ, அது அவங்கட பாடு. ஆனால் இப்ப வேலை செய்யிற சின்ன முதலாளியிட்டச் சொய்க்னிஸ் கேட்டு வாங்குங்கோ. 'முயற்சி எடுத்தார்' எண்டு இருந்தால் திருப்பிக் குடுங்கோ. 109 எண்ட இலக்கத்தை மறக்காதேங்கோ.